சின்னாளபட்டி டாக்டரம்மாவும் பி.ஜி. சீட்டும்



"நம்ம வட்டார வரலாறு பத்தி ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு இன்ஜினியர். ஸ்பின்டிலும் பேரிங்கும்தான் தெரியும். மலைக்கோட்டை பற்றி எழுதலாம், பூட்டு பற்றி எழுதலாம் என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க வேறொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. அதையே எழுதிவிடுகிறேன். அதுவும் நம் வட்டார வரலாறுதான்.

என் அக்கா மகன் எம்.பி.பி.எஸ். முடித்தவன். ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடித்துவிட்டான். பி.ஜி. நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதினான், ஆசைப்பட்ட பிரிவு கிடைக்கவில்லை. போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. பலகாரத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"என்னடா மாப்ள, வெளிய வாடா" என்றேன்.

"இருபத்தாறு வயசாச்சு மாமா. கூடப் படிச்சவன் எல்லாம் செட்டில் ஆயிட்டான். நான்தான் வேஸ்ட்" என்றான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "வா, உங்கம்மாவுக்குச் சுங்குடிச் சேலை எடுக்கணும், சின்னாளபட்டி போயிட்டு வருவோம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டேன். மதுரை ரோட்டில் காந்திகிராமத்தை நெருங்கும்போது இடது பக்கம் சிறுமலை நீலமாகக் கிடந்தது. கஸ்தூரிபா மருத்துவமனைப் பெயர்ப் பலகையைக் காட்டி, "இதை ஆரம்பிச்ச அம்மா எத்தனை வயசுல டாக்டர் ஆனாங்க தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நம் மாணவர்கள் பலருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்திரண்டு வயதில் ஒரு பட்டம்

டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையார் 1904 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் ஆனது. கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர். பிளேக் பரவிய சமயத்தில் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், அந்த நோயாலேயே இறந்துபோனார். அம்மையாருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயதுதான். "நீ மேலே படிக்கணும், மறுமணமும் செஞ்சுக்கணும்" என்று கணவர் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

1920-களில் அந்தச் சமூகத்தில் இளம் விதவையின் நிலைமை என்ன என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். மூலையில் உட்கார வைத்துவிட்டால் வாழ்க்கை அதோடு முடிந்தது. இந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. பெற்றோர் படிக்க அனுப்பினார்கள். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கென்றே 1916-ல் தொடங்கிய கல்லூரி அது. அப்போது லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. இறுதித் தேர்வை லாகூருக்குப் போய் எழுத வேண்டும்! மதுரைச் சீமையிலிருந்து நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து டெல்லி, அங்கிருந்து லாகூர். பாஷை வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு.

1936-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், வயது முப்பத்திரண்டை ஒட்டி. நம் மாப்பிள்ளையைவிட ஆறு வயது கூட.

அந்தக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த தோழி சுசீலா நய்யார். பிற்காலத்தில் காந்திஜிக்கு மருத்துவராகவும் மத்திய சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். 1914-ல் பிறந்தவர், அதாவது சௌந்தரம் அம்மையாரைவிடப் பத்து வயது இளையவர். "என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறதா?" என்று அம்மையார் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தால் அந்த நட்பு கிடைத்திருக்காது. அந்த நட்பு வழியாகத்தான் காந்திஜியின் அறிமுகமே கிடைத்தது.

அதற்குப் பிறகும் ஒரு காத்திருப்பு வந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். சாதி வேறு, வீட்டில் சம்மதமில்லை. ஒரு வருஷம் பார்க்காமல், எழுதாமல் பிரிந்திருங்கள், அப்போதும் மனசு மாறாவிட்டால் பார்க்கலாம் என்பது காந்திஜியின் யோசனை. மனசு மாறவில்லை. 1940-ல் காந்திஜியின் ஆசியோடு மறுமணம் நடந்தது.

1944-ல் கஸ்தூரிபா காந்தி சிறையில் காலமான பிறகு, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்வதற்காக அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. தமிழகத்தில் அதன் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் வந்தது. 1947 அக்டோபர் 7-ல் கணவனும் மனைவியுமாகச் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மிகச் சிறிய அளவில் ஆரம்பித்த வைத்தியசாலைதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. 1956-ல் அங்கே தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அம்மையார் 1952-ல் ஆத்தூரிலும் 1957-ல் வேடசந்தூரிலும் எம்.எல்.ஏ., 1962-ல் திண்டுக்கல் எம்.பி., பிறகு மத்திய கல்வித் துணை அமைச்சர். 1962-லேயே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. 1984-ல் காலமானார்.

டி.வி.எஸ். வீட்டுப் பெண், டாக்டர் படிப்பு வேறு. மெட்ராஸில் பெரிய கிளினிக் வைத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நெசவாளர்களும் கூலி விவசாயிகளும் இருந்த நம் ஊர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இந்த இடத்தில் நம் மருத்துவ மாணவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

படிப்பு விஷயம்

"மெக்கானிக்கல்காரன் டாக்டர் பிள்ளைகளுக்கு அட்வைஸ் சொல்ல வந்துட்டான்" என்று சிரிக்காதீர்கள். எனக்கும் மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர். நடுராத்திரி வரை படிப்பேன், பரீட்சை ஹாலில் ஒன்றும் நினைவுக்கு வராது. ஹாஸ்டல் ரூம் மேட் ஒருவன்தான் வழி காட்டினான். "புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லிக் கொடுடா" என்பான். சொல்ல ஆரம்பித்தால் நாலாவது வரியில் மாட்டிக்கொள்வேன். எது தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகம் போட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரிரு நாளிலேயே போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. ஆகவே ஒரே நாளில் பத்து மணி நேரம் ஒரு பாடத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை பார்ப்பது நல்லது. பார்ப்பது என்றால் மஞ்சள் பேனாவால் கோடு போட்ட வரியை மறுபடி வாசிப்பதல்ல. மூடி வைத்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்ப்பது.

இன்னொன்று, வார்டை விட்டுவிட்டுக் கோச்சிங் வீடியோவிலேயே உட்கார வேண்டாம். "மாமா, சில வியாதியெல்லாம் புக்ல படிச்சா மறந்துடுது, ஒரு பேஷன்ட்டைப் பார்த்தா மறக்கல" என்று மாப்பிள்ளையே சொன்னான். பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டவனுக்கும் மேனுவலில் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

'ரெசிடென்ட்' என்ற வார்த்தை

பி.ஜி. மாணவரை ஏன் ரெசிடென்ட் என்கிறார்கள்? ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்ததால் வந்த பெயர். 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் இந்த முறைக்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். படுக்கையருகிலேயே படிப்பு, இரவும் பகலும் வேலை. நல்ல டாக்டர்கள் பலர் அதில் உருவானார்கள். ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்தே ஞாபகம் வைக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தைக் கண்டறிய ஹால்ஸ்டெட் தன் உடம்பிலேயே கொக்கைனைச் சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர். சிகிச்சை என்ற பெயரில் மார்ஃபினுக்கும் பழகிப்போனார். அவ்வளவு பெரிய சர்ஜனுக்கும் உடம்பு உடம்புதான், மனசு மனசுதான்.

1984-ல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தார். தூக்கமில்லாமல் நெடுநேரம் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களின் நிலைமை அதற்குப் பிறகுதான் பொதுவெளியில் பேச்சாயிற்று. 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003-ல் அமெரிக்கா முழுவதற்கும் அது வந்தது. நம் நாட்டில் 1992-லேயே ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை சாதாரணமாகக் கூடாது, வாரம் 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. காகிதத்தில் இருக்கிறது. வார்டில் எப்படி என்று டாக்டர் பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள்.

2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஒன்று மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி அறிக்கை கொடுத்தது. அதன் கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தெரிவித்திருக்கிறார்கள். வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், தினமும் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பணிக்குழு பரிந்துரைத்தது. நாலு பேரில் ஒருவருக்கு மேல் இருக்கும் சிரமம் என்றால் அது தனி ஆளின் பலவீனம் ஆகுமா?

நம் ஊர்ச் சமவெளியில் கிணற்று மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீர் ஊறுவதற்கு நேரம் கொடுக்காமல் ஓட்டினால் முதலில் காற்று வரும், பிறகு காயில் எரியும். மோட்டார் கெட்ட மோட்டார் அல்ல, ஓட்டின விதம் தப்பு.

பெற்றோராக இருக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை என்றால் "நல்லா படிக்கிறான்" என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். மார்க்கைப் பற்றிப் பேசாமல் உட்காருங்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் உதவி 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 முதல் நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டரைப் பார்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. டாக்டருக்குப் படிப்பவனே டாக்டரைப் பார்க்கக் கூச்சப்பட்டால் எப்படி?

சீட் என்கிற கதவு

பி.ஜி. சீட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்தந்த மாநிலம், அந்தந்தக் கல்லூரி என்றிருந்த சேர்க்கை முறையை 1984-ல் உச்ச நீதிமன்றம் பிரதீப் ஜெயின் வழக்கில் கேள்வி கேட்டது. அதிலிருந்து அகில இந்திய ஒதுக்கீடு பிறந்தது. அரசுக் கல்லூரி பி.ஜி. இடங்களில் முதலில் 25 சதவீதம், 2003-ல் 50 சதவீதம். 2013-ல் நீட் வந்தது, அதே வருஷம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2016-ல் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. இப்படி ஒரு தலைமுறைக்குள் விதி எத்தனை தடவை மாறியிருக்கிறது பாருங்கள். சீனியர் சொன்னதை மட்டும் நம்பாமல், அந்தந்த வருஷத்து ப்ராஸ்பெக்டஸை ஒரு வரி விடாமல் நீங்களே படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பாண்ட் எத்தனை வருஷம், பாதியில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு வாசல் உண்டு. எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு டாக்டராகச் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, பணியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் பி.ஜி. போவது. அப்படி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். கிராமத்தில் கழிந்த வருஷம் வீண் இல்லை என்பதைக் கோர்ட்டு வரைக்கும் போய் நிலைநாட்டியது நம்ம ஊர் டாக்டர்கள்தான்! இது தவிர டி.என்.பி. படிப்பு என்ற வழியும் இருக்கிறது.

காற்று இப்போது சௌந்தரம் அம்மையார் போன திசையில்தான் அடிக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டம் இருக்கிறது. பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 12-ல் திறந்த பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திண்டுக்கல்லும் ஒன்று, வருஷத்துக்கு 150 இடங்கள். நம் காலத்தில் டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் மதுரைக்கோ அதற்கு அப்பாலோதான் பஸ் ஏறவேண்டும்.

எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கும்போது ராங்க் லிஸ்டில் மேலே போகிற பிரிவு எது என்று மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் எந்த வேலையை எரிச்சலில்லாமல் செய்வேன் என்று ஹவுஸ் சர்ஜன் வருஷத்திலேயே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலை எடுத்த கதை

சின்னாளபட்டியில் அக்காவுக்கு மாம்பழக் கலரில் சுங்குடி எடுத்தோம். டீக்கடையில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளை கேட்டான், "ஏன் மாமா, அந்தம்மா முதல் பத்து வருஷம் என்ன நெனச்சிருப்பாங்க?"

"தெரியலடா. ஆனா அவங்க ரூம் கதவைச் சாத்திக்கல. சாத்தி வைக்க ஊரே தயாரா இருந்துச்சு. அப்பவும் சாத்திக்கல" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். மறுவாரம் அக்கா போன் பண்ணி, "தாடியை எடுத்துட்டான்டா" என்றது. பொங்கலுக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராகச் சேர்ந்தான். பகலில் வேலை, சாயங்காலம் மூன்று மணி நேரம் படிப்பு, பதினோரு மணிக்குத் தூக்கம். எம்.ஆர்.பி.க்கும் தயார் செய்கிறான், நீட் பி.ஜி.யும் மூன்றாம் முறை எழுதப்போகிறான். சீட் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் அவன் டாக்டர்தான் என்பது அவனுக்கே இப்போது தெரிகிறது. போன மாதம் என் சூப்பர்வைசரின் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது ராத்திரி போனில் விவரம் கேட்டு, "வாயுன்னு விட்டுடாதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று விரட்டியது அவன்தான். அந்த அம்மா இன்று நடமாடுகிறார்கள். அவர்கள் இவனுடைய ராங்கைக் கேட்கவில்லை.

இந்தச் சந்திப்புக்குக் குடும்பத்தோடு வரும் நண்பர்கள் திரும்பும் வழியில் காந்திகிராமத்தில் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். கேட் தேர்வுக்கோ, வேலைக்கோ, பி.ஜி.க்கோ காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பத்திரண்டு வயதில் பட்டம் வாங்கி, நாற்பத்து மூன்று வயதில் ஓர் ஊரையே உருவாக்க ஆரம்பித்த ஒரு பெண்ணின் கதையை, அந்த மரத்தடியில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் தம்பி தங்கைகள் அனைவருக்கும் இந்த அண்ணனின் வாழ்த்துக்கள்.